நடந்து வந்த விருந்தினர்

அயல்நாடு ஒன்றில் காலடி வைக்கும் பயணிக்கு முதல் சில நாட்கள் அரியவை. பின்னாளில் பழகிப்போய்க் கண்ணில் படாமலே மறைந்துவிடும் யாவும் அப்போது அவருக்குப் புதுமையாய்த் தெரிகின்றன. அந்நாட்டவர் உண்ணும் முறை, உடுத்தும் முறை, வணங்கும் முறை, சினங்கொள்ளும் முறை ஆகிய அனைத்தையும் அவர் உற்றுநோக்குகிறார். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் தம்மைப் பற்றி ஒருநாளும் கவனித்திராத செய்திகளை அவர் ஒரே வாரத்தில் கண்டு சொல்லிவிடுகிறார். ஆனால் மிக எளிதாகத் தவறிழைப்பதும் அதே நாட்களில்தான். ஒரு விடுதிக்காரர் முகம் சுளித்தால் ‘இந்நாட்டவர் அனைவரும் கடுமையானவர்கள்’ என்று எழுதிவிடுகிறார். ஒரு மூதாட்டி அன்போடு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தால் ‘இவர்களைப் போல் நல்லவர்கள் உலகில் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார். எனவே முதல் பார்வை என்பது அறிவா, அநீதியா என்ற கேள்வி எழுவது இயல்பே.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பயணி ஒரு நாட்டைப் பார்க்கும் அதே கணத்தில் அந்த நாடும் அவரைப் பார்க்கிறது. அவருடைய காலணியைப் பார்க்கிறது, சட்டையைப் பார்க்கிறது, எதில் ஏறி வந்தார் என்று பார்க்கிறது. இரு முதல் பார்வைகள் ஒரு வாசற்படியில் சந்திக்கின்றன. பயணியின் அவசரத் தீர்ப்பைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். வாசலில் நிற்பவரை நோக்கி வீட்டார் வழங்கும் அவசரத் தீர்ப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் காண உதவும் ஒரு பயணியை இங்கே நினைவுகூர்வோம். அவர் பெயர் கார்ல் பிலிப் மோரிட்ஸ். ஜெர்மானியர். 1782-ஆம் ஆண்டின் கோடையில், தம் இருபத்தைந்தாம் வயதில், ஏறத்தாழ ஏழு வாரங்கள் இங்கிலாந்தில் தங்கி, கண்டதையும் பட்டதையும் கடிதங்களாக எழுதி, அடுத்த ஆண்டில் பெர்லின் நகரில் நூலாக வெளியிட்டவர்.

இருவேறு பயணிகள்

அவருக்கு முன்னரும் பலர் அந்நாட்டைக் கண்டு எழுதியிருந்தனர். அவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் பிரான்சின் வோல்டேர். 1726-இல் இங்கிலாந்துக்குச் சென்ற அவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கே தங்கினார். பிரபுக்களும் கவிஞர்களும் அவரை வரவேற்றனர். 1727-இல் அறிவியலறிஞர் ஐசக் நியூட்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெருஞ்சிறப்புடன் அடக்கம் செய்யப்பட்டதை அவர் பெரிதும் வியந்தார். அரசர்கள் துயிலும் இடத்தில் ஓர் அறிஞருக்கும் இடம் தரும் நாடு எத்தகையது என்று தம் நாட்டவரைப் பார்த்துக் கேட்டார். அவருடைய நூல் 1734-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தபோது பாரிஸ் நகரின் உயர்நீதிமன்றம் அதைத் தீயிலிட ஆணையிட்டது. வோல்டேர் இங்கிலாந்தைப் புகழ்ந்தது உண்மையே. ஆயினும் அப்புகழுரையில் பாதி, தம் நாட்டைக் கண்டிப்பதற்காக அவர் கையிலெடுத்த கோல்.

மோரிட்ஸ் அவ்வகையினர் அல்லர். அவர் 1756-இல் ஹாமெல்ன் என்னும் ஊரில் ஓர் இராணுவ இசைக்குழுக் கலைஞரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே பிரவுன்ஷ்வைக் நகரத்தில் தொப்பி செய்பவர் ஒருவரிடம் வேலை பழக அனுப்பப்பட்டார். பின்னர் ஹனோவரில் பள்ளியில் பயின்றபோது அவருக்கு உணவளிக்க ஒரு வீடு இல்லை. கிழமைக்கொரு வீடாக, நல்லோர் சிலர் இரக்கப்பட்டு இட்ட இலவச உணவை உண்டு படித்தார். பிறர் வீட்டு மேசையின் ஓரத்தில் அமர்ந்து உண்ணும் பிள்ளை, இடுபவரின் முகத்தை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. எந்த முகத்தில் அன்பு இருக்கிறது, எந்த முகத்தில் கணக்கு இருக்கிறது என்பது அதற்கு விரைவில் விளங்கிவிடுகிறது. அந்த இளமைத் துயரங்களையெல்லாம் பின்னர் ‘ஆன்டன் ரைசர்’ என்ற நாவலாக அவர் எழுதினார். வோல்டேர் இங்கிலாந்தைப் பார்த்தது விருந்துக் கூடத்தில் அமர்ந்து. மோரிட்ஸ் பார்த்தது சாலையோரத்தில் நின்று. இரண்டும் உண்மையான காட்சிகளே. எனினும் ஒரு நாட்டின் ஒழுக்கத்தை அறியச் சாலையோரமே தகுந்த இடம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இலண்டனில் கண்ட நன்மைகள்

மோரிட்ஸ் அன்பு நிறைந்த உள்ளத்தோடுதான் வந்தார். தேம்ஸ் நதியின் இரு கரைகளிலும் விரிந்த பசுமையைக் கண்டு மகிழ்ந்தார். இலண்டன் தெருக்களில் நடப்பவர்களுக்கென்று இரு புறமும் கற்கள் பாவிய நடைபாதை இருப்பதைக் கண்டு, எளியவரையும் எண்ணிப் பார்க்கும் நகரம் இது என்று பாராட்டினார். தணலின் முன்னே முள்கரண்டியில் பிடித்து வாட்டி வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளை விரும்பி உண்டார். ஆனால் விடுதிகளில் காப்பி என்ற பெயரில் கொடுக்கப்படும் பழுப்பு நிறத் தண்ணீரை மட்டும் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அவர் தங்கியிருந்த வீட்டுக்காரி ஒரு தையற்காரரின் கைம்பெண். அந்தப் பெண்மணி மில்டனின் காவியத்தை வாசிப்பவர். அவர் அதனை அத்துணை அழகாக, பொருளுணர்ந்து படித்ததாலேயே தம் கணவர் தம்மை விரும்பி மணந்தார் என்று விருந்தினரிடம் சொல்லியிருக்கிறார். மோரிட்ஸுக்கு இது பெருவியப்பு. தம் நாட்டில் பெரும்புலவர்களைப் பல்கலைக்கழகத்தார் மட்டுமே வாசிப்பர். இங்கோ தையற்காரர் வீட்டு அடுப்படியிலும் புலவருக்கு இடம் உண்டு.

நாடாளுமன்றத்திலும் அவர் இருவேறு படிப்பினைகளைப் பெற்றார். பார்வையாளர் மாடத்திற்குச் செல்ல முயன்ற முதல் நாளில் அவரை உள்ளே விடவில்லை. வாயிற்காவலரின் கையில் ஏதேனும் வைக்க வேண்டும் என்பதை வீட்டுக்காரி சொல்லித்தான் அறிந்தார். மறுமுறை சிறு தொகை கொடுத்ததும் கதவு திறந்தது. உள்ளே, உறுப்பினர்கள் தலையில் தொப்பியுடனும் காலில் சவாரிக் காலணியுடனும் அமர்ந்திருந்தனர். சிலர் இருக்கைகளில் நீட்டிப் படுத்திருந்தனர். சிலர் கொட்டைகளை உடைத்துத் தின்றுகொண்டிருந்தனர். ஆனால் ஃபாக்ஸ் எழுந்து பேசத் தொடங்கியதும் அச்சொல்லாற்றல் அவரை ஆட்கொண்டது. வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியின் இடைத்தேர்தலையும் நேரில் கண்டார். வண்டியோட்டியும் சுமைதூக்கியும்கூட நாட்டு நடப்பைத் தம் வீட்டு விவகாரம்போல் பேசிக்கொள்வதைக் கேட்டு அவர் நெஞ்சம் நிறைந்தது. இராணுவ அணிவகுப்பையே பெரும்பெருமையாகக் கருதிய பிரஷ்ய நாட்டின் தலைநகரில் ஆசிரியப் பணி செய்தவர் அவர் என்பதை எண்ணிப் பார்த்தால், இம்மகிழ்ச்சியின் காரணம் விளங்கும்.

சாலையில் கண்டவை

ஜூன் மாதப் பிற்பகுதியில் மோரிட்ஸ் ஒரு முடிவு செய்தார். இந்நாட்டின் உள்ளூர்களைக் கால்நடையாகச் சென்று காண்பது என்பதே அது. சில நாணயங்கள், மாற்று உடை, ஒரு வரைபடம், மில்டனின் நூல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, ரிச்மண்டிலிருந்து நடக்கத் தொடங்கினார். அவர் நாட்டில் மாணவர்களும் கைத்தொழில் பழகுவோரும் ஊர் ஊராக நடந்து செல்வது வழக்கம். அதில் இழிவு எதுவும் இல்லை. இங்கிலாந்திலோ நிலைமை வேறாக இருந்தது.

அவர் சாலையோர வேலிக்கு அருகில் அமர்ந்து மில்டனை வாசித்தபோது, குதிரையிலும் வண்டியிலும் சென்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தனர். சித்தம் கலங்கியவரோ என்பதுபோல் இருந்தது அப்பார்வை. வண்டியோட்டிகள் ‘ஏறிக்கொள்கிறீரா?’ என்று அடிக்கடி கேட்டனர். கிராமத்து மூதாட்டிகள் அவரைக் கண்டதும் கடவுளின் பெயரைச் சொல்லிப் பரிதாபப்பட்டனர். பரிதாபம், வியப்பு, ஐயம் ஆகிய மூன்றுமே கால்நடையாகச் செல்பவருக்குக் கிடைத்த பரிசுகள். ஈட்டனில் விடுதியார் அவரை ஏற்கவில்லை. விண்ட்சர் நகரில் சிறைக்கூடம்போன்ற அறை ஒன்றைக் காட்டினர். முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, மனமில்லாமல் உணவு பரிமாறிய பணியாளர், புறப்படும் வேளையில் தம்மை நினைவில் கொள்ளுமாறு கையை நீட்டினார். கிடைத்த காசு சிறியது என்று கண்டதும் சாபமிட்டார். பணிப்பெண்ணும் அவ்வாறே தம்மை நினைவில் கொள்ளுமாறு கேட்டபோது, அவளுடைய மரியாதையற்ற நடத்தையைத் தாம் நெடுநாள் நினைவில் வைத்திருக்கப் போவதாக மறுமொழி கூறிவிட்டு மோரிட்ஸ் வெளியேறினார். பர்டன் என்னும் ஊரில் மக்கள் வாசல்களில் நின்று கைநீட்டிக் காட்டி, முதுகுக்குப் பின்னால் சீறொலி எழுப்பினர்.

ஆயினும் எல்லா வாசல்களும் மூடிக் கிடக்கவில்லை. நெட்டில்பெட் என்ற சிற்றூரின் விடுதியில் ‘இரவு தங்கலாமா?’ என்று கேட்டபோது, ‘தங்கலாம்’ என்ற விடை உடனே கிடைத்தது. அன்றிரவு அவரைச் சமையற்கட்டில் உட்கார வைத்தனர். அங்கே படைவீரர்களும் பணியாளர்களும் அமர்ந்திருந்தனர், அடுப்பு எரிந்தது, பாத்திரங்கள் பளபளத்தன. தம் வாசிப்பில் அறிந்த பழைய ஆங்கிலக் கிராமம் கண்முன் வந்து நிற்பதுபோல் அவர் மகிழ்ந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் துவைத்த சட்டை ஒன்றை உடுத்தி, தலைவாரி, கீழே இறங்கி வந்தார். இம்முறை சமையற்கட்டு இல்லை. விருந்தினர் கூடத்திற்கு அழைத்துச் சென்றனர். முந்தைய மாலையில் ‘மாஸ்டர்’ என்று சாதாரணமாய் விளித்தவர்கள் இப்போது பெருமக்களுக்கு உரிய ‘சர்’ என்ற சொல்லால் விளித்தனர்.

இந்த இடத்தில் நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். ஓர் இரவில் மோரிட்ஸிடம் எது மாறியது? அறிவு கூடவில்லை, ஒழுக்கம் உயரவில்லை, செல்வம் பெருகவில்லை. ஒரு சட்டை மாறியது. அவ்வளவே. விடுதியார் தீயவர்கள் அல்லர். முதல் இரவிலும் அவருக்கு இடமும் உணவும் மனமுவந்து கொடுத்தவர்களே. எனினும் அவர்களுடைய மரியாதை மனிதருக்கு உரியதாய் இல்லாமல் துணிக்கு உரியதாய் இருந்தது. மோரிட்ஸ் இதனைக் கசப்பின்றி எழுதிச் செல்கிறார். தொப்பி செய்யும் பட்டறையில் வளர்ந்தவருக்கு இது புதிய பாடம் அன்று.

அந்த ஞாயிறு காலையில் அவர் நெட்டில்பெட் ஆலய வழிபாட்டில் கலந்துகொண்டார். ஊர்மக்கள் இசைக்கருவிகளோடு திருப்பாடல்களைப் பாடியது அவர் உள்ளத்தைத் தொட்டது. புறப்பட்ட பின்னும் ஊரைவிட்டுச் செல்ல மனமின்றி மீண்டும் திரும்பி வந்தார். ஆனால் அதே ஞாயிறு இரவில், சில மைல் தொலைவிலிருந்த நியூனம் என்ற ஊரில், களைத்துச் சோர்ந்து விடுதிக் கதவைத் தட்டியபோது இடமில்லை என்றனர். இரவு உணவும் இல்லை என்றனர். பணம் கொடுத்துக் குடிக்க ஏதோ பெற்றார்; அதனுடன் தின்ன ஒரு துண்டு ரொட்டி கேட்டபோது அதையும் மறுத்துவிட்டனர். காலையில் தேவாலயத்தில் அவரோடு சேர்ந்து பாடிய அதே மக்களினத்தார், அதே நாள், அதே நம்பிக்கை.

வெட்டவெளியில் உறங்குவதே வழி என்று எண்ணி இருட்டில் நடந்துகொண்டிருந்தவரை, பின்னால் வந்த ஒருவர் எட்டிப் பிடித்தார். அவர் ஆங்கிலிக்கன் சபைக் குரு. அண்டை ஊரில் மறையுரை ஆற்றிவிட்டு ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரும் நடந்தே வந்தார். இருவரும் பேசிக்கொண்டே சென்றனர். நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் அவர் மோரிட்ஸை ‘மைட்டர்’ என்னும் விடுதிக்கு அழைத்துச் சென்றார். அங்கே குருக்கள் பலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, பீர் குவளைகளை முன்னே வைத்துக்கொண்டு, விவிலியத்தின் கடினமான பகுதிகளைப் பற்றி உரத்த குரலில் விவாதித்துக்கொண்டிருந்தனர். அயலாரைத் தங்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டனர். மறுநாள் காலையில் மோரிட்ஸுக்குத் தலைவலி. அதையும் அவர் ஒளிக்கவில்லை. நம் வாசகர்கள் புன்னகையோடு இதைக் கடந்துவிடலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. இருட்டில் தனித்து நடந்தவரின் அருகில் வந்து சேர்ந்து நடந்தவர், தாமும் கால்நடையாக வந்த ஒருவரே. குதிரையின் மேலிருந்து பார்ப்பவருக்குச் சாலையில் நடப்பவர் ஒரு புதிராகத் தெரிகிறார். சேர்ந்து நடப்பவருக்கோ அவர் வழித்துணை.

ஏன் இவ்வாறு ஆயிற்று?

கால்நடையாகச் செல்பவரைக் கண்டு அஞ்சும் வழக்கம் இங்கிலாந்தில் தொன்றுதொட்டு வந்ததன்று. புனித தாமஸ் பெக்கெட் 1170-இல் கேன்டர்பரி பேராலயத்தில் கொலையுண்ட பின்னர், மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக நாடெங்கிலுமிருந்து திருப்பயணிகள் அவருடைய கல்லறையை நோக்கிச் சென்றனர். வழியெங்கும் துறவு மடங்கள் அவர்களுக்குக் கதவு திறந்தன. ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர், அதாவது பெனடிக்ட், வகுத்த ஒழுங்கு நூலின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருபவர் எவராயினும் கிறிஸ்துவையே வரவேற்பதுபோல் வரவேற்க வேண்டும் என்பது அதன் கருத்து. அத்துடன் நுட்பமான ஓர் அறிவுரையும் அதில் உண்டு. ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தனிக்கவனம் காட்டுக. செல்வர்களுக்கோ அவர்கள்மேல் உள்ள அச்சமே மரியாதையைப் பெற்றுத் தந்துவிடும் என்பதே அது. மனித உள்ளத்தை அந்தத் துறவி எத்துணை ஆழமாக அறிந்திருந்தார்!

1536 முதல் 1540 வரையிலான ஆண்டுகளில் எட்டாம் ஹென்றி மன்னர் ஏறத்தாழ 800 துறவு இல்லங்களைக் கலைத்தார். 1538-இல் கேன்டர்பரிக் கல்லறைப் பீடமும் இடிக்கப்பட்டது. துறவிகள் எல்லாரும் குறையற்றவர்கள் என்று நாம் வாதிட வரவில்லை. அவர்களுள்ளும் ஈரமற்றவர் இருந்திருப்பர். ஆயினும் பணமில்லாதவருக்கும் திறக்கக் கடமைப்பட்ட ஒரு கதவு நாடு முழுவதும் ஒருங்கே மூடிப்போயிற்று. எஞ்சியது பணத்திற்குத் திறக்கும் விடுதிக் கதவு. நாடோடிகளைச் சவுக்கால் அடிக்கும் சட்டங்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே வந்தன. 1662-ஆம் ஆண்டுச் சட்டமோ, வறுமையால் ஊருக்குச் சுமையாகக்கூடும் என்று கருதப்பட்ட புதியவரை அவருடைய சொந்தப் பங்கிற்கே திருப்பி அனுப்ப அதிகாரம் அளித்தது. சாலைகள் செப்பமாயின, வண்டிகள் பெருகின, காசுள்ளவர் எவரும் நடக்கத் தேவையில்லாத நிலை வந்தது. எனவே நடப்பவர் எவரோ அவர் காசில்லாதவர். காசில்லாதவர் எவரோ அவர் ஐயத்திற்குரியவர் என்ற கணக்கு மக்கள் மனத்தில் வேரூன்றியது. கால்நடையாக வந்து வழிப்பறி செய்யும் கள்வர்களைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. இவ்வாறாக, நியூனம் விடுதிக்காரர் ரொட்டியை மறுத்தது அவர் ஒருவருடைய குணக்குறை மட்டுமன்று. இருநூற்றைம்பது ஆண்டு வரலாறு அவருடைய கையைத் தடுத்தது.

நம் நாட்டு வழக்கம் நம் நினைவுக்கு வருகிறது. வேளாங்கண்ணி நோக்கி நாள் கணக்கில் நடந்து செல்லும் அடியார்களுக்கு வழியோர ஊர்களில் நீரும் உணவும் கொடுப்போர் உண்டு. நடந்து செல்பவரைக் கண்டால் நமக்கு இன்னும் திருப்பயணம் நினைவுக்கு வருகிறது. அது ஒரு பெரும்பேறு. ஆனால் அதனால் நாம் நல்லவர்கள், அவர்கள் தீயவர்கள் என்று கூற முடியாது. வழக்கம் ஒன்றே நம்மைத் தாங்குகிறது. வழக்கம் அறுந்துபோனால் நம் கையும் தயங்கும்.

விருந்தினரின் நீதி

வாசலில் நிற்பவருக்கும் ஒரு நீதி உண்டு. அடைத்த கதவுகளையே எண்ணி ஒரு மக்களினம் முழுவதையும் பழிக்க மோரிட்ஸுக்குக் காரணம் இருந்தது. அவர் அவ்வாறு செய்யவில்லை. விண்ட்சரில் பெற்ற சாபத்தை எழுதிய அதே கையால் நெட்டில்பெட்டின் பாடலையும் எழுதினார். டெர்பிஷைர் மலைநாட்டை நோக்கிச் செல்கையில் வழித்துணையாக வந்த ஒரு சேணம் தைப்பவர் ஹோமரையும் விர்ஜிலையும் பற்றிப் பேசியதை மகிழ்ந்து குறித்தார். ஒரு தீமை பல நன்மைகளை அழித்துவிட அவர் இடங்கொடுக்கவில்லை. பல நன்மைகள் ஒரு தீமையை மூடி மறைக்கவும் இடங்கொடுக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தார். இது வெறும் நடுநிலைமை அன்று; இதற்கு ஒருவகைப் பொறுமை வேண்டும். பசித்த வயிற்றோடு நடப்பவர் அந்தப் பொறுமையைக் காப்பது எளிதன்று. ஊர் திரும்பிய அடுத்த ஆண்டிலேயே அவர் மனித உள்ளத்தின் அனுபவங்களைத் திரட்டி ஆராயும் இதழ் ஒன்றைத் தொடங்கிப் பத்தாண்டு நடத்தினார். உன்னையே நீ அறிவாய் என்ற பழங்கிரேக்க அறிவுரையே அதன் தலைப்பில் நின்றது. பிறர் முகங்களை வாசித்தவர் தம் உள்ளத்தை வாசிக்கவும் தவறவில்லை.

ஆயினும் மிக நேர்மையான முதல் பார்வைக்கும் எல்லை உண்டு. மோரிட்ஸ் தேர்தல் களத்தில் கண்டு வியந்த இலண்டன் மக்கள் கூட்டத்திற்கு இன்னொரு முகமும் இருந்தது. அவர் வருவதற்குச் சரியாக ஈராண்டுகளுக்கு முன்னர், 1780 ஜூன் மாதத்தில், அதே நகரத் தெருக்களில் பெருங்கலவரம் மூண்டது. கத்தோலிக்கர்மீதான தடைகள் சிலவற்றை 1778-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியதே அதற்குக் காரணம். அந்தச் சலுகை மிகச் சிறியது. அதையும் பொறுக்காமல் ஜார்ஜ் கார்டன் பிரபு கூட்டம் திரட்டினார். சார்தினிய, பவேரியத் தூதரகங்களின் சிற்றாலயங்கள் தாக்கப்பட்டன, கத்தோலிக்கரின் வீடுகள் எரிந்தன, சிறைகள் உடைக்கப்பட்டன, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இங்கிலாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் மொழியையே பேசி, அந்த மண்ணிலேயே வாழ்ந்த கத்தோலிக்கர் தம் சொந்த நாட்டில் அயலாராக இருந்தனர். சட்டத்தின் தடையின்றித் திருப்பலி நிறைவேற்ற அவர்கள் 1791 வரையிலும், நாடாளுமன்றத்தில் அமர 1829 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டு நடப்பில் ஊக்கம் கொண்ட மக்கள் என்று மோரிட்ஸ் போற்றியது பொய்யன்று. அந்த ஊக்கமே ஒருநாள் தீப்பந்தம் ஏந்தவும் கூடும் என்பதும் பொய்யன்று. ஏழு வாரங்களில் ஒருவர் ஒரு முகத்தைத்தான் காண முடியும்.

ஆங்கிலேயருக்கும் உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். தம்மை இவ்வளவு வெளிப்படையாய்க் குறைகூறிய அந்நூலை அவர்கள் ஒதுக்கவில்லை. 1795-இல் தம் மொழியில் பெயர்த்து வாசித்தனர். அதற்குள் காலமும் மாறத் தொடங்கியிருந்தது. 1790-இல் வேர்ட்ஸ்வொர்த் என்ற இளங்கவிஞர் நண்பர் ஒருவரோடு பிரான்சு வழியாக ஆல்ப்ஸ் மலைவரை நடந்தே சென்று வந்தார். ஒரு தலைமுறைக்குள் நடைப்பயணம் கவிஞர்களுக்கு அழகாயிற்று. ஆனால் கவிஞர் நடந்தால் அழகு, ஏழை நடந்தால் ஐயம் என்ற வேறுபாடு நீங்குவதற்கு அது மட்டும் போதவில்லை.

சட்டை மாறும் முன்னே

இனித் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். முதல் பார்வை அறிவா, அநீதியா? அது இரண்டாகவும் இருக்கலாம். எதுவாக அமையும் என்பதைத் தீர்மானிப்பது நம் கண்ணின் கூர்மை அன்று. தீர்ப்பைச் சற்றே ஒத்திவைக்க நாம் ஆயத்தமா என்பதே. பார்ப்பதைத் தடுக்க முடியாது. அழுக்குச் சட்டை அழுக்காகத்தான் தெரியும். ஆனால் பார்த்ததிலிருந்து மனிதரின் மதிப்பைக் கணக்கிடும் அந்த நொடியில்தான் அறநெறி நுழைகிறது.

யாக்கோபின் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் காட்சியை நாம் அறிவோம். தொழுகைக் கூட்டத்திற்குள் இருவர் நுழைகின்றனர். ஒருவர் விரலில் பொன் மோதிரம், உடலில் பகட்டான ஆடை. மற்றவர் அழுக்குடை அணிந்த ஏழை. முன்னவருக்கு நல்ல இருக்கை. பின்னவருக்கு நிற்க ஓர் ஓரம், அல்லது தரை. நெட்டில்பெட் விடுதியின் சமையற்கட்டும் விருந்தினர் கூடமும் இதற்கு எவ்வளவு பொருத்தமான விளக்கவுரை! ஒரு வேறுபாடு உண்டு. யாக்கோபு காட்டுவது இரு மனிதரை. நெட்டில்பெட்டில் நின்றவரோ ஒரே மனிதர். சனிக்கிழமை மாலையில் அவரே ஏழை. ஞாயிறு காலையில் அவரே பெருமகன். ஒரே ஆளிடம் இரு மரியாதைகளையும் காட்டிவிடும்போதுதான் நம் மரியாதையின் பொய்ம்மை நமக்கே வெட்டவெளிச்சமாகிறது.

ஐயம் கொள்வதில் நியாயம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. இரவில் கதவைத் தட்டுபவர் எல்லாரும் மோரிட்ஸ் அல்லர், கள்வரும் தட்டுவர். வீட்டில் பிள்ளைகள் உள்ளவர் எச்சரிக்கையாய் இருப்பது கடமையே. ஆனால் எச்சரிக்கை வேறு, இகழ்ச்சி வேறு. இடம் இல்லையெனில் இல்லை என்று இனிய முகத்தோடு சொல்லலாம். அடுத்த ஊருக்கு வழி காட்டலாம். ஒரு துண்டு ரொட்டியைக் கொடுத்தனுப்பலாம். ரொட்டியை மறுப்பதற்குப் பாதுகாப்பு காரணமாகாது. நியூனத்தில் மோரிட்ஸின் நெஞ்சைப் புண்படுத்தியது படுக்கை கிடைக்காமை அன்று; மனிதராக எண்ணப்படாமையே. திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார் என்றால், உணவின் அளவைவிட வரவேற்கும் முகத்தின் மலர்ச்சியைப் பெரிதாக எண்ணியதும் அவரே.

நாம் பெரும்பாலும் விடுதி நடத்துபவர்கள் அல்லர். ஆனால் நமக்கும் வாசல்கள் உண்டு. வீட்டு வாசல், அலுவலக மேசை, பள்ளிச் சேர்க்கை அறை, பங்கு அலுவலகம், ஆலயத்தின் முன்வரிசை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாசலே. அங்கு ஒருவர் வந்து நிற்கையில் நம் நாவிலிருந்து புறப்படும் முதல் சொல் எது? ‘வாங்க’ என்பதா, ‘என்ன வேணும்’ என்பதா? வந்தவர் எதில் வந்தார் என்று பார்த்த பின்னர் அச்சொல் மாறுகிறதா? பெயரும் ஊரும் தெரிந்த பின் காட்டும் மரியாதை எளிது. அது பாதி வணிகம். தெரியும் முன்பே காட்டும் மரியாதைதான் அறம்.

எம்மாவு செல்லும் வழியில் சீடர்கள் இருவரோடு சேர்ந்து நடந்த வழிப்போக்கரை அவர்கள் யாரென்று அறியவில்லை. அறியாமலே தங்கும்படி வற்புறுத்தி அழைத்தார்கள். அவர்கள் கண்கள் திறந்தது அப்பத்தைப் பிட்டபோதுதான். அழைப்பு அதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டது. அறிந்த பின் அழைப்பதென்று அவர்கள் காத்திருந்தால், அவர் அப்பால் நடந்து போயிருப்பார்.